இளைஞர் மன்றமும் இடையறாத தொண்டும்

காணும் பொங்கலன்று நம் கிராமங்களில் நடைபெறும் விளையாட்டு விழாக்களைக் கண்டவர்கள், கபடிக்கும் உறியடிக்கும் வழுக்கு மரத்துக்கும் கோலப் போட்டிக்கும் வேண்டிய ஏற்பாடுகள் அனைத்தையும், ஊதியம் எதையும் எதிர்பாராமல், இரவு பகல் பாராது செய்து முடிக்கும் இளைஞர் மன்றத்தாரின் உற்சாகத்தை வியவாதிருக்க மாட்டார்கள். விழா முடிந்து பரிசுகள் வழங்கப்பட்ட பின்னர், அதே மன்றத்தின் கதவு மறு தை வரையில் பூட்டியே கிடக்கும் ஊர்களும் அநேகம். அந்த உற்சாகத்தை ஆண்டு முழுவதும் அணையாது காப்பது எங்ஙனம் என்பதே, மன்றத்தில் சேரலாமா என்று யோசிக்கும் இளைஞர்களும் இளம்பெண்களும், தம் மக்களை அனுப்பலாமா என்று தயங்கும் பெற்றோரும் முதலில் சிந்திக்க வேண்டிய விஷயம் என்று நான் கருதுகிறேன்.

நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் தேசிய இயக்கத்தாரும் திராவிட இயக்கத்தாரும் பொதுவுடைமை இயக்கத்தாரும் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நகரத் தெருக்களிலும் நிறுவிய படிப்பகங்கள், கொள்கையால் ஒன்றுக்கொன்று மாறுபட்டவையாயினும், ஒரு காரியத்தில் ஒத்திருந்தன: செய்தித்தாள் வந்து சேரும் வேளைக்கு யாரேனும் ஒருவர் கதவைத் திறந்து, பெஞ்சைத் துடைத்து, எழுத்தறியாத பெரியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார், மறுநாளும் படித்துக் காட்டினார். அங்கே பழகிய இளைஞர்களில் பலர் பிற்காலத்தில் மேடைப் பேச்சாளர்களாகவும் பஞ்சாயத்துத் தலைவர்களாகவும் தொழிற்சங்கச் செயலாளர்களாகவும் விளங்கினர். அரசாங்கமும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் மாணவர்களுக்காகவும், 1972இல் நேரு யுவ கேந்திரா கிராமத்து இளைஞர்களுக்காகவும் தோன்றின. நலப்பணித் திட்டத்தில் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்றிச் சான்றிதழ் பெறும் மாணவர், பட்டம் பெற்று ஊர் திரும்பியதும் அத்தொண்டைத் தொடர்வதற்கு ஓர் இடம் வேண்டுமன்றோ? அந்த இடம் உள்ளூர் மன்றமே.

இடையறாமை என்பது ஒழுக்கத்தை ஒட்டிய விஷயம் மட்டுமன்று. தொண்டின் பயனே பெரும்பாலும் அதனைச் சார்ந்திருக்கிறது. மன்றங்கள் விரும்பி மேற்கொள்ளும் இரத்ததானத்தையே எடுத்துக்கொள்வோம். 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல ஆரோக்கியமும் உடைய ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் இரத்தம் அளிக்கலாம். அவ்வாறு அளிக்கப்பட்ட இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை ஐந்தாறு வாரங்களுக்கு மேல் பாதுகாத்து வைக்க இயலாது. தட்டணுக்களுக்கோ ஐந்தே நாட்கள்தாம் ஆயுள். தலசீமியா நோயுற்ற குழந்தைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும்; மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது தட்டணுக்களின் தேவை திடீரென்று பெருகும். ஆகையால், ஒரு தலைவரின் பிறந்தநாளன்று நூறு பேர் ஒருசேர இரத்தம் அளித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைந்துபோவதைக் காட்டிலும், அந்த நூறு பேரையும் மாதவாரியாகப் பகுத்து, அவரவர் இரத்த வகையையும் கைபேசி எண்ணையும் கடைசியாக அளித்த தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வைத்து, அரசு மருத்துவமனையின் இரத்த வங்கி கேட்ட வேளையில் உரியவரை அனுப்பி வைக்கும் மன்றம் எத்தனையோ மடங்கு பிரயோஜனமான காரியத்தைச் செய்கிறது. அந்த நோட்டைப் பராமரிப்பவருக்கு யாரும் மாலை சூட்டுவதில்லை; எனினும் மன்றத்தின் உயிர் அவர் கையிலே இருக்கிறது. மரக்கன்று நடுவதும் இத்தகையதே. ஐப்பசி மழையில் நட்ட கன்றுக்குச் சித்திரையிலும் வைகாசியிலும் தண்ணீர் ஊற்றுவதற்கு ஆள் உண்டா என்று முன்கூட்டியே கேட்டறிந்த பிறகுதான் குழி தோண்ட வேண்டும்.

இளைஞர்களால் இத்தகைய நீடித்த உழைப்பு இயலாது என்று சொல்வோர் புதுக்கோட்டை மாவட்டத்தின் அண்மை வரலாற்றைப் படிக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அளித்த ஊக்கத்தோடு, ஆயிரக்கணக்கான தொண்டர்கள், அவர்களுள் பெரும்பாலோர் இளம்வயதினர், கூலி எதுவும் பெறாமல், வயல்வேலையும் கல்குவாரி வேலையும் முடித்துக் களைத்து வந்த பெண்களுக்கு விளக்கொளியில் எழுத்துக் கற்பித்தார்கள். அம்மாவட்டத்துப் பெண்கள் பல்லாயிரவர் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அவ்வியக்கத்தின் விளைவே. எழுதப் படிக்க அறிந்து, சந்தைக்கும் மருத்துவமனைக்கும் பிறர் தயவின்றித் தாமே சென்றுவரத் துணிந்த அந்தப் பெண்களின் வாழ்க்கையில் நேர்ந்த மாறுதல், அன்றாடம் மாலையில் தவறாது வந்து உட்கார்ந்த அந்தத் தொண்டர்கள் இல்லையேல் நேர்ந்திருக்கவே இயலாது.

இன்னும் அண்மையில், 2018 நவம்பர் 16ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயல், காவிரிக் கடைமடையின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துச் சென்றது. நிவாரணப் பணிக்காகக் கூடிய பேராவூரணி வட்டாரத்து இளைஞர்கள், அப்பணி ஓய்ந்ததும் கலைந்துவிடாமல், கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம் என்ற பெயரில் ஒன்றுபட்டு, மறு ஆண்டிலேயே 564 ஏக்கர் பரப்புள்ள பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரத் தொடங்கினர். பின்னர் வேறு ஊர்களின் நீர்நிலைகளையும் சீரமைக்கச் சென்றனர். துன்பம் நேர்ந்தபோது ஓடிவருவது நம் மக்களுக்கு இயல்பான குணம். துன்பம் தணிந்த பின்னரும் நிலைத்து நிற்பதற்கு ஒரு ஸ்தாபனம் வேண்டும்.

இதுகாறும் ஊருக்கு விளையும் நன்மையைக் கூறினேன். சேர்ந்தவருக்கு விளையும் நன்மையும் சிறிதன்று. இருபது வயதில் ஒரு கூட்டத்தின் நடவடிக்கைகளைத் தீர்மானப் புத்தகத்தில் பிழையின்றி எழுதவும், வசூலித்த சந்தாவுக்கும் செலவிட்ட தொகைக்கும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ரூபாய் தவறாமல் கணக்குக் காட்டவும், தம் யோசனை வாக்கெடுப்பில் தோற்ற பின்னரும் வென்றவரின் யோசனையை நிறைவேற்றத் தோள் கொடுக்கவும் பழகிய ஒருவர், ஜனநாயகத்தின் முதல் பாடங்களைக் கற்றுவிட்டவராகிறார். வாக்களிக்கும் வயது 1989 முதல் 18 ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது. கிராமசபையோ இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஆனால் மன்றத்தின் வரவு செலவைப் பார்த்துப் பழகாதவர், ஊராட்சியின் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படும்போது எந்த இடத்தில் எழுந்து கேள்வி கேட்பது என்று அறியாமல் மௌனமாகவே உட்கார்ந்திருப்பார்.

குறைகளையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். நம் மன்றங்களிற் பல, பெயரளவில் ஊருக்குப் பொதுவாயினும், உண்மையில் ஒரு தெருவுக்கோ ஒரு ஜாதிக்கோ உரியனவாகவே இருக்கின்றன. ஊர்த்தெரு இளைஞர் நடத்தும் மாலை வகுப்புக்குக் காலனிக் குழந்தைகள் வருவதில்லை என்றால், அவர்கள் வராததற்குக் காரணம் படிப்பில் ஆசையின்மை அன்று. பெண்களைக் கோலப் போட்டியின்போது மட்டும் அழைத்து, செயற்குழுவில் இடம் தராத மன்றமும் தன் உறுப்பினரில் பாதிப்பேரைத் தானே வெளியே நிறுத்திக்கொள்கிறது. தேர்தல் காலத்தில் ஒரு கட்சிக்காரர் கொடுத்த பணத்தில் வாங்கிய கபடிச் சட்டையை அணிந்துவிட்டு, மறு ஆண்டு அவரிடமே தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட நாக்கு எழாமற்போன மன்றங்களும் உண்டு. இக்குறைகளைக் கண்டு விலகி நிற்பதைக் காட்டிலும், உள்ளே புகுந்து, பொதுக்குழுவில் எழுந்து பேசித் திருத்த முற்படுவதே இளைஞருக்கு அழகு. கூட்டம் பெண்களும் வரக்கூடிய வேளையில், எல்லாத் தெருவாரும் தயக்கமின்றி வரக்கூடிய பொது இடத்தில் நடைபெற வேண்டும் என்று கோருவதிலிருந்து தொடங்கலாம்.

மன்றமே இல்லாத ஊரில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கம் அமைவதற்கு ஏழு பேர் போதும். பதிவு செய்வது எளிது. ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கை முடித்துப் பதிவாளருக்குத் தாக்கல் செய்துகொண்டே வருவதில்தான் உறுதி வேண்டும்.

இவ்வளவும் எழுதியது, இதனைப் படிக்கும் இளைஞர்களிடமும் இளம்பெண்களிடமும் ஒரு வேண்டுகோள் விடுப்பதற்காகவே. இந்த வாரத்திலேயே உங்கள் ஊர் மன்றத்துக்குச் செல்லுங்கள். பதவி எதுவும் கேளாதீர்கள். வாரத்தில் இன்ன கிழமை மாலை வகுப்புக்கோ, படிப்பகத்துக்கோ, இரத்ததான நோட்டுக்கோ வந்து உழைக்கிறேன் என்று செயலாளரிடம் சொல்லுங்கள். சொன்ன கிழமையில் தவறாது செல்லுங்கள்.