மட்டைக்கு என்ன விலை?



உயிரி எரிசக்தி மாநாட்டில் பசுமை மெத்தனால் ஆராய்ச்சியைக் காட்சிக்கு வைத்த படங்களை ஒரு மாணவர் அனுப்பியிருந்தார். மெத்தனால் என்றதும் நமக்கு 2024 கள்ளக்குறிச்சிதான் ஞாபகம் வரும். அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த அதே நஞ்சுதான். ஆனால் 2023இலேயே மெர்ஸ்க் சரக்குக் கப்பல் அதில் ஓடிவிட்டது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் கப்பலுக்கு அதை நிரப்ப 2025இல் அடிக்கல்லும் நாட்டியாயிற்று.

காய்ந்த மட்டையைக் குறைந்த காற்றில் சூடாக்கினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வரும். அவற்றை அழுத்தி, தாமிர வினையூக்கி வழியே விட்டால் மெத்தனால். ஆரம்பப் பள்ளி வாத்தியார் எனக்கே புரிகிறது! ஆராய்ச்சியில் குறையில்லை.

என் கோபம் 'கழிவு' என்ற சொல்மேல். கழிவு என்றால் இலவசம் என்று நினைப்பா? தொண்டாமுத்தூர்த் தோப்புகளில் தென்னை மட்டை பொறுக்க, கட்ட, வண்டியேற்ற ஆள்கூலி யார் தருவது? வண்டி நிறையும், எடை தேறாது. மூடாக்குப் போட்டாலாவது மண்ணுக்கு ஆகும். அதற்கும் ஆளில்லாதவர் தீ வைக்கிறார், புகை நமக்கு.

கண்ணுகளா, உங்களில் இன்ஜினியர்கள் இருக்கிறீர்கள். அடுத்த முறை ஸ்டால் போட்டால், ஒரு டன் மட்டைக்குத் தோட்டத்து விலை என்னவென்று பெரிதாக எழுதி வையுங்க. அந்தப் போட்டோவை அனுப்புங்க, ஊரெல்லாம் நானே காட்டுகிறேன்.