எல்க்கானான் கணக்கில் வரவேண்டியது

இந்த வாரமும் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு ‘தாவீது–கோலியாத் மோதல்’. தேய்ந்த தலைப்புகள்மேல் எனக்குள்ள பகை இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் பழசு. ஆங்கிலத்தில் பெரிய கம்பெனி எதுவானாலும் கோலியாத்தான். லாமார்க் 1801-இல் ஆப்பிரிக்க வண்டினம் ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்தார். 1906-இல் கேமரூன் பக்கத்துத் தவளைக்கும் அதுவே. மூன்று கிலோ வரை வளரும் தவளை, போகட்டும். ஆனால் பைபிளில் தாவீது வீழ்த்தியதாகச் சொல்லப்படும் கோலியாத் அவ்வளவு பெரிய ஆள்தானா? வழக்கமான எபிரேயப் பாடம் ஆறு முழம் ஒரு சாண், அதாவது ஏறத்தாழ 9¾ அடி என்கிறது. கும்ரான் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் நாலு முழம் ஒரு சாண்தான் தருகின்றன: 6¾ அடி. கூடைப்பந்து அணியில் இடம் கிடைக்கும், அவ்வளவே.

உயரத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 21-ஆம் அதிகாரம், எபிரேய மூலத்தில், கோலியாத்தைக் கொன்றவன் எல்க்கானான் என்கிறது. அவனும் தாவீதைப் போலப் பெத்லகேம்காரன். ஈட்டித்தாங்கு தறியின் படைமரம் போன்றது என்ற அதே வர்ணனை அங்கேயும் வருகிறது. தாவீதின் சண்டையைச் சொல்லும் அதிகாரத்திலோ கோலியாத் என்ற பெயர் இரண்டே இடங்களில்தான்; மற்றபடி வெறும் ‘பெலிஸ்தியன்’. பெயர் தெரியாத ஒருவனைத் தாவீது வீழ்த்திய கதைக்கு, சிப்பாய் எல்க்கானான் வீழ்த்தியவனின் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்றே நான் எண்ணுகிறேன். தாவீது ராஜாவின் கதை என்பதால் அது நிலைத்தது. ஆங்கிலம் வரை போனது.

எல்க்கானான் கொன்றது கோலியாத்தின் சகோதரன் லாகேமியை என்று பைபிளின் இன்னொரு நூலான நாளாகமம் சொல்கிறதே என்பார்கள். நாளாகமம் பிந்திய நூல். தாவீதுக்கு இழுக்கான பத்சேபாள் விவகாரத்தையே விட்டுவிட்டுத் தாவீதைத் துலக்கி வைத்த நூல். ‘லாகேமி’ என்ற பெயரும் எபிரேயத்தில் ‘பெத்லகேமியன்’ என்பதன் வால் அறுந்து விழுந்தது போலத்தான் தெரிகிறது. 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் ஒத்துப்போகச் செய்ய, மூலத்தில் இல்லாத ‘சகோதரன்’ என்ற சொல்லைச் சாமுவேலிலும் நுழைத்தார்கள். எல்க்கானான் என்பதே தாவீதின் இன்னொரு பெயர் என்ற பழைய சமாதானமும் உண்டு. ஆனால் அதே அதிகாரத்தில், இரண்டு வசனங்களுக்கு முன்புதான், களைத்துப்போன தாவீதை இனிப் போருக்கே வரவேண்டாம் என்று அவருடைய ஆட்கள் ஆணையிட்டுத் தடுக்கிறார்கள். அதன் பிறகு நடக்கும் சண்டையில் அவர் எப்படி வந்தார்? அந்த அதிகாரத்தை முழுசாகப் படித்துவிட்டு, மறுப்பு இருந்தால் என்னோடு சண்டைக்கு வாருங்கள்.