காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஒடிசாவில் பாலம் கட்டும் வேலை. லீவில் பென்னாகரம் பக்கம் சொந்த ஊருக்கு வந்திருக்கிறான். "டீச்சர், அங்க மலேரியா வந்துச்சு. மூணு நாள் மாத்திரை போட்டேன். இன்னொரு மாத்திரை பதினாலு நாளைக்குக் கொடுத்தாங்க. காய்ச்சல்தான் நின்னுடுச்சேன்னு விட்டுட்டேன்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என் பிள்ளைகளில் பலருக்கு நினைவிருக்கும். எண்பதுகளில் நம் பள்ளி பீரோவில் சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் குளோரோகுயின் டப்பாவும் இருக்கும். அப்போது பல ஊர்களில் ஆசிரியர்களிடம்தான் காய்ச்சல் மாத்திரை கொடுத்து வைப்பார்கள். விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி அனுப்புவோம். மாத்திரை கசக்கும் என்பதால் கையில் வெல்லத்துண்டு வைத்துக்கொண்டு நிற்பேன். வீடுகளில் மருந்தடித்துவிட்டுப் போவார்கள். மறுநாளே சுவரைச் சாணி போட்டு மெழுகிவிடுவார்கள். மருந்து போன இடம் தெரியாது.

ஒரு பையனுக்கு ரத்தத்தில் மலேரியா என்று முடிவு வந்தபோது அவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். மீதி மாத்திரையையும் கொடுக்கணுமா என்று அவன் அம்மா கேட்டார். "காய்ச்சல்தான் இல்லையே, விடுங்கம்மா" என்றேன். அதே ஆண்டில் அவன் மேலும் இரண்டு முறை படுத்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அது என் தவறு. இன்றும் உறுத்துகிறது.

நம் நாட்டில் அதிகம் காணப்படும் மலேரியாவில் ஒன்று வைவாக்ஸ் வகை. குளோரோகுயின் ரத்தத்தில் உள்ள கிருமியைக் கொல்லும். கல்லீரலில் தூங்கும் கிருமியைத் தொடாது. அது வாரங்கள், மாதங்கள் கழித்து எழும். அதைக் கொல்லத்தான் 14 நாள் பிரைமாகுயின். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது கூடாது. மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

நாடும் என்னைப் போலவே ஒருமுறை தவறு செய்தது. விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, எட்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. 1953-ல் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-ல் ஒழிப்புத் திட்டம் வந்தன. 1961-ல் நோயாளிகள் ஐம்பதாயிரம் அளவுக்குக் குறைந்தார்கள். கண்காணிப்பு தளர்ந்தது; கொசுவும் டிடிடிக்குப் பழகியது. 1976-ல் 64 லட்சத்தைத் தாண்டியது! இலங்கையில் 1963-ல் வெறும் 17 பேர்தான். ஆறே ஆண்டுகளுக்குள் லட்சக்கணக்கில் திரும்பியது. மறுபடி விடாமல் உழைத்து, 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கினார்கள்.

இந்தியாவின் இலக்கு 2030. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்குச் சில நூறு பேருக்குத்தான் வருகிறது. இதுதான் ஆபத்தான கட்டம் என்பது என் கருத்து. நோயாளி இல்லையே என்று ரத்தப் பரிசோதனை ஆட்களைக் குறைப்பது, திருடன் வரவில்லை என்று பூட்டைக் கழற்றுவது போல.

"வடநாட்டுக்காரங்கதான் கொண்டு வர்றாங்க" என்று சிலர் சொல்கிறார்கள். ஒடிசாவுக்கும் சத்தீஸ்கருக்கும் பிழைக்கப் போனவர்கள் நம் பிள்ளைகளும்தானே? பழிபோட்டால் வந்தவர் காய்ச்சலை மறைப்பார். அப்போது நம் கொசுவே அவரிடமிருந்து எடுத்து நமக்குக் கொடுக்கும். உங்களிடம் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் என்றால் அழைத்துப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

வெளியூர் வேலையிலிருந்து வந்தபின் குளிர்காய்ச்சல் கண்டால், போய்வந்த ஊரைத் தவறாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள்.

அந்த மாணவன் மறுநாளே சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்து, மருத்துவர் சொன்னபடி மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டான். தினமும் இரவு போன் செய்து வருகைப்பதிவு எடுக்கிறேன். இன்று ஐந்தாம் நாள். "போட்டுட்டேன் டீச்சர்" என்றான். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்