"அந்த பாஸை தூக்கிருங்கண்ணே!" - ஒரு லேப்டாப், ரெண்டு ஓ.எஸ்., கொஞ்சம் ஆத்திரம்

மக்களே, முதல்லயே சொல்லிடறேன். இது "லினக்ஸ் ஒசத்தியா, விண்டோஸ் ஒசத்தியா" பதிவு இல்லை. அந்தப் பட்டிமன்றத்தை நடத்த ஆயிரம் பேர் இருக்காங்க. இது ஒரே பொட்டியில ரெண்டையும் வச்சுக் குடுத்தும், ஒண்ணை நாமளே குழி தோண்டிப் புதைச்ச கதை.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டத்தை ஆரம்பிச்சது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல பிளஸ் டூ படிக்கிற பசங்களுக்கும் கல்லூரிப் பசங்களுக்கும். எங்க ஊர் வ.புதுப்பட்டி, பக்கத்துல வத்திராயிருப்பு, கூமாப்பட்டி (ஆமா, 2025ல ரீல்ஸ்ல உலகப்புகழ் அடைஞ்ச அதே கூமாப்பட்டிதான் :-) ), அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம்... பல வீட்டுக்குள்ள முதல் கம்ப்யூட்டர் நுழைஞ்சது இப்படித்தான். தென்னந்தோப்புல கூலி வேலைக்குப் போறவங்க வீட்டுலயும், மில்லுல ஷிப்டு பாக்குறவங்க வீட்டுலயும் ஒரு லேப்டாப். இதை யாரு வேணா ஓட்டுக்குன்னு கிண்டல் பண்ணிக்கலாம், நான் பண்ண மாட்டேன். அதுல டைப் அடிச்சுப் பழகினவங்கள்ல நானும் ஒருத்தன்.

அந்த லேப்டாப்ல ஒரு விசேஷம் உண்டு. ஆன் பண்ணினா கறுப்புத் திரையில ஒரு பட்டியல் வரும். ஒண்ணு விண்டோஸ், இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். பாஸ்னா 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்'. சென்னை சி-டாக்ல டெபியனை அடிப்படையா வச்சு உருவாக்கி 2007ல வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்காகவே செஞ்சது. அதாவது நம்ம வரிப்பணத்துல, நம்ம சென்னையில செஞ்ச ஒரு சாமான்.

அதை என்ன பண்ணினோம்?

கையில வாங்கின மறுநாளே பஸ் ஏறி டவுன்ல உள்ள கம்ப்யூட்டர் கடைக்குப் போய், "அண்ணே, அந்த பாஸை தூக்கிருங்கண்ணே, தொந்தரவா இருக்கு". கடை அண்ணனும் இருநூறோ முந்நூறோ வாங்கிட்டு பாஸை அழிச்சு, கூடவே வந்த ஒரிஜினல் விண்டோஸையும் சேர்த்து அழிச்சு, திருட்டு 'அல்டிமேட்' ஒண்ணைப் போட்டுக் குடுத்துட்டார். காசு கட்டி வாங்கின லைசென்ஸ் போச்சு, காசே இல்லாம வந்த லினக்ஸும் போச்சு, மிச்சம் இருந்தது கிராக் பண்ணின ஓ.எஸ்.ஸும் அதோட ஓசியில வந்த வைரஸும்தான். ஒரு வீட்டுல ரெண்டு வாசல் இருந்ததாம், ரெண்டையும் செங்கல் வச்சு அடைச்சுட்டு ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சானாம். அந்தக் கதைதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, ஆரம்ப வருஷங்கள்ல வந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அதுல வால்பேப்பர் கூட மாத்த முடியாது! ரேமும் 2 ஜிபிக்கு மேல எடுத்துக்காது. கையைக் கட்டிப் போட்ட ஓ.எஸ். அது. பக்கத்துலயே எந்தக் கட்டுப்பாடும் இல்லாத இன்னொண்ணு சும்மா உக்காந்திருந்தது. வால்பேப்பர் மாத்தணும்னு கடைக்குப் போன பய, எதுல மாத்த முடியுமோ அதையும் சேர்த்து அழிச்சுட்டு வந்தான்.

பசங்களைக் குறை சொல்லவா இதை எழுதுறேன்? இல்லை. கடை அண்ணனையும் இல்லை. அவருக்கு வாடகை, கரண்ட் பில் இருக்கு. என் கோபமெல்லாம் ரெண்டு சாவி குடுத்துட்டு, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லாம போனாங்களே, அவங்க மேலதான்.

எங்க செட்டுல ஒருத்தனுக்குக் கூட "இது என்ன, ஏன் ரெண்டு இருக்கு"ன்னு அரை மணி நேரம் யாரும் சொல்லித் தரலை. பாடப்புத்தகம்? அப்போ பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இருந்தது ஸ்டார் ஆபீஸ். 2018ல வந்த புது பிளஸ் ஒன் புத்தகத்துல விண்டோஸோட உபுண்டுவும் பாடமா வந்தது. நல்ல விஷயம்தான், பாராட்டுறேன். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க: புத்தகத்துல உபுண்டு, லேப்டாப்ல பாஸ், பல லேப்ல வெறும் விண்டோஸ். மூணும் ஒண்ணையொண்ணு பாத்ததே இல்லை. மார்க் வாங்க உபுண்டு, அழிக்க பாஸ், வேலைக்கு விண்டோஸ்னு பய மனசுல பதிஞ்சா அது அவன் தப்பா?

நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்க. கேரளாவுல 2001ல 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் ஆரம்பிச்சாங்க. சில வருஷத்துலயே பள்ளிக்கூடங்களை குனு/லினக்ஸுக்கு மாத்திட்டாங்க. 2017ல அதுவே 'கைட்'னு தனி நிறுவனமாச்சு. பள்ளிகளுக்குன்னே ஒரு லினக்ஸ், அதுக்கேத்த புத்தகம், எல்லாத்துக்கும் மேல வாத்தியார்களுக்குப் பயிற்சி. அவங்க பொட்டியை நம்பலை, வாத்தியாரை நம்பினாங்க. நாம பொட்டியை மட்டும் நம்பினோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்மகிட்ட ஆளே இல்லாம இல்லை. 2007 வாக்குல எல்காட் பொறுப்புல இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அந்த நிறுவனத்தையே சூசே லினக்ஸுக்கு மாத்திக் காட்டினார். ஒரு அதிகாரி இருக்கிற வரைக்கும் நடக்கும், மாறினா நின்னுடும்னா அது திட்டம் இல்லை, ஆர்வம். ஆர்வத்தை வச்சு லட்சக்கணக்கான லேப்டாப்பை ஓட்ட முடியாது.

சரி, இப்போ "ரெண்டு ஓ.எஸ். போட்டா..."ன்னு கடையில சொல்ற காரணங்களுக்கு வருவோம்.

"ரெண்டு இருந்தா சிஸ்டம் ஸ்லோ ஆயிடும்." ஆகாது சாமி. ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும். இன்னொண்ணு ஹார்ட் டிஸ்க்ல தன் பார்ட்டிஷன்ல தூங்கிட்டிருக்கும். அது புடிக்கிறது இடம் மட்டும்தான். ஒரு லினக்ஸுக்கு 20, 30 ஜிபி தாராளம். சினிமாப் படத்துக்கு அதைவிட அதிகமா ஒதுக்கி வச்சிருக்கோம்.

"டைம் தப்பாக் காட்டுது, மதர்போர்டு போச்சு." மதர்போர்டு கல்லு மாதிரி இருக்கு. விண்டோஸ் உள்ளே இருக்கிற கடிகாரத்துல உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் பொதுவா உலக நேரத்தை எழுதி வைக்கும். நமக்கும் அதுக்கும் அஞ்சரை மணி நேர வித்தியாசம். லினக்ஸ் போயிட்டு விண்டோஸ் வந்தா மணி அஞ்சரை மணி நேரம் பின்னாடி போறது இதனாலதான். ஒரே ஒரு செட்டிங். இதுக்குப் போய் பேட்டரி மாத்தினவங்க எத்தனை பேரோ!

"விண்டோஸ் திரும்பப் போட்டா லினக்ஸ் காணாமப் போயிடுது." காணாமல்லாம் போகலை. பார்ட்டிஷன் அப்படியே இருக்கும். லினக்ஸோட 'கிரப்'னு ஒரு சின்ன புரோகிராம்தான் அந்தப் பட்டியலைக் காட்டுது. பழைய முறையில அது டிஸ்க்கோட முதல் 512 பைட்ல இருந்து கிளம்பும். விண்டோஸை மறுபடி போடும்போது அந்த இடத்துல தன்னோடதை எழுதிக்கும். புது யூ.இ.எஃப்.ஐ. மெஷின்ல அழிக்கக்கூட வேண்டாம், வரிசையில தன்னை முதல்ல நிறுத்திக்கும். லினக்ஸ் போடும்போது "ஓ, இங்க விண்டோஸ் இருக்கே"ன்னு தேடிப் பாத்து பட்டியல்ல சேர்க்கிற மரியாதை பெரும்பாலும் உண்டு. விண்டோஸுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

இது சும்மா மறதின்னு நினைக்கிறீங்களா? 90களோட கடைசியில பீ.ஓ.எஸ்.னு ஒரு ஓ.எஸ். இருந்தது. ஜப்பான்ல ஹிட்டாச்சி ஒரு கம்ப்யூட்டர்ல விண்டோஸோட அதையும் சேர்த்து வித்தாங்க. ஆனா ஆன் பண்ணினா பட்டியல்ல பீ.ஓ.எஸ். பேரே வராது. வாங்கினவர் தானா நோண்டிக் கண்டுபிடிக்கணும். மைக்ரோசாஃப்ட்டோட லைசென்ஸ் ஒப்பந்தம்தான் காரணம்னு பீ நிறுவனம் சொன்னது, 2002ல வழக்கும் போட்டது. 2003ல மைக்ரோசாஃப்ட் தப்பை ஒத்துக்காமலேயே 2 கோடியே 32 லட்சம் டாலர் சொச்சம் குடுத்து சமாதானம் ஆச்சு. அதுக்குள்ள பீ கதை முடிஞ்சு போச்சு. அந்தக் கறுப்புத் திரையில ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்புன்னு இப்போ தெரியுதா? அந்த ஒரு வரியை ஹிட்டாச்சியால காட்ட முடியலை. நம்ம அரசு லட்சக்கணக்கான பசங்களுக்குக் காட்டிச்சு. நாம முந்நூறு ரூபா குடுத்து அழிச்சோம்.

பழங்கதைன்னு விட்டுடாதீங்க. 2024 ஆகஸ்ட்ல வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், ரெண்டு ஓ.எஸ். வச்சிருந்த பல பேரோட லினக்ஸை பூட் ஆக விடாம பண்ணிச்சு. ரெண்டு ஓ.எஸ். இருந்தா அதைக் கண்டுபிடிச்சு விட்டுடுவோம்னுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. முழுசா சரி பண்ண 2025 மே ஆயிடுச்சு.

இப்போ அடுத்த கோஷ்டிக்கு வர்றேன். நம்ம லினக்ஸ் பக்தர்கள். "விண்டோஸை ஃபார்மேட் பண்ணிட்டு சுதந்திரமா வா தம்பி"ன்னு மேடையில பேசுறவங்க. அண்ணே, அந்தத் தம்பி நாளைக்கு சிவகாசியில ஒரு பிரஸ்ல டிசைனர் வேலைக்குப் போகணும். அங்க கோரல்டிரா. ராஜபாளையத்துல ஒரு மில்லுல அக்கவுண்ட்ஸ் வேலைன்னா டேலி. அவன் சோத்துக்கு வழி அதுல இருக்கு. நீங்க ஜிம்ப் இருக்கு, இங்க்ஸ்கேப் இருக்குன்னு சொல்லுவீங்க. இருக்கு, நானும் பயன்படுத்துறேன். ஆனா முதலாளி அதைக் கேக்க மாட்டார். ஒண்ணை அழிச்சுட்டு ஒண்ணுன்னு சொல்றதுல கடை அண்ணனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் இருக்கட்டும்கிறதுதான் ஏழை வீட்டுப் பையனுக்கு நியாயம். அவன்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு பொட்டி. அதுல சோத்துக்கு ஒண்ணு, கத்துக்க ஒண்ணு.

இதையெல்லாம் இப்போ ஏன் பேசணும்? காரணம் இருக்கு. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓட பாதுகாப்பு அப்டேட் நின்னுச்சு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. கேட்டு வாங்கினா 2026 அக்டோபர் வரைக்கும் ஒரு நீட்டிப்பு, அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 வேணும், இன்டெல்னா எட்டாவது தலைமுறை பிராசஸராவது வேணும். 2011ல இருந்து வந்த அந்த அரசு லேப்டாப்ல பெரும்பாலானதுக்கு அந்தக் கதவு மூடியாச்சு. ஆனா அந்த லேப்டாப் இன்னும் சாகலை. அண்ணன் படிச்சு முடிச்சு தங்கச்சிக்கு வந்திருக்கு. அதுலதான் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், அதுலதான் பேங்க். பூட்டு இல்லாத வீட்டுல நகையை வச்ச மாதிரி.

அதுல எடை குறைஞ்ச ஒரு புது லினக்ஸ் போட்டா இன்னும் சில வருஷம் பத்திரமா ஓடும். (2 ஜிபி ரேம்ல பத்து டேப் திறந்தா எந்த ஓ.எஸ்.ஸும் நொண்டும். 4 ஆக்கிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போடுங்க.) இண்டர்நெட், பேங்க் எல்லாம் லினக்ஸ்ல. டேலி, கோரல் பழக நெட்டை நிறுத்திட்டு விண்டோஸ்ல. இதுக்குத்தான் ரெண்டு ஓ.எஸ்.!

செய்யறவங்களுக்கு நாலே வரி. முதல்ல போட்டோ, சர்டிபிகேட் எல்லாம் வெளியே காப்பி எடுங்க. விண்டோஸ்ல 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'பை நிறுத்துங்க, இல்லேன்னா அந்த டிரைவ்ல லினக்ஸால எழுத முடியாது. புது மெஷின்னா பிட்லாக்கர் ரெகவரி கீயை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. ரெண்டையும் புதுசாப் போடறீங்கன்னா விண்டோஸ் முதல்ல, லினக்ஸ் அப்புறம்.

2025 மார்ச் பட்ஜெட்ல, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட்னு அரசு அறிவிச்சது. நல்லது, மனசாரச் சொல்றேன். ஆனா நான் கேக்கறது மூணே மூணு. லேப்டாப்போட ரெண்டு மணி நேர வகுப்பு ஒண்ணு. தமிழ்ல ஒரே ஒரு பக்கம் அச்சடிச்ச தாள். ஒவ்வொரு கல்லூரியிலயும், ஸ்கூல்லயும் எது கெட்டாலும் பழைய நிலைக்குக் கொண்டு வர்ற பென் டிரைவ் ஒண்ணு. ஒரு லேப்டாப் விலையோட ஒப்பிட்டா இதெல்லாம் டீச்செலவு.

அதைக் கூட செய்ய முடியலைன்னா, அந்தக் கறுப்புத் திரையில ரெண்டாவது வரியை எதுக்கு வைக்கிறீங்க? கடை அண்ணனுக்கு முந்நூறு ரூபா வருமானத்துக்கா?

டிஸ்கி: கடை வச்சிருக்கிற அண்ணன்மாரே, அடுத்த தடவை ஒரு பய வந்து "தூக்கிருங்கண்ணே"ன்னு சொன்னா, தூக்குறதுக்கு முன்னாடி "என்னத்துக்குடா தம்பி?"ன்னு ஒரு வார்த்தை மட்டும் கேளுங்க. அதுக்கு வேணா தனியா அம்பது ரூபா வாங்கிக்கோங்க. :-)