சோளத்துக்கு 500 ரூபாயா?

புனேயில இருக்கிற நம்ம ஜனங்களுக்கு டிசம்பர் பிறந்தா போதும். "ஞாயித்துக்கிழமை ஹுர்டா பார்ட்டி போலாமா சார்?"னு ஆரம்பிச்சுடுவாங்க.

தெரியாதவங்களுக்கு: ஹுர்டான்னா பால் பிடிச்ச இளஞ்சோளம். மணி முத்தறதுக்கு முன்னாடியே கதிரை ஒடிச்சு, குழியில வறட்டித் தணல்ல வாட்டி, சுடச்சுட உள்ளங்கையில கசக்கி உதிர்த்துத் தருவாங்க. தொட்டுக்கப் பூண்டுச் சட்னி, வெல்லம், தயிர். மத்தியானம் சோள பாக்ரியும் கடலைமாவுல பண்ற பிட்லாவும். ஒரு மாட்டுவண்டி சவாரி. சாயங்காலம் வீடு.

இப்ப சண்டைக்கு வர்றேன். போன சீசன்ல எங்க அபார்ட்மெண்ட்லேருந்து 11 பேர் ஒரு விவசாயி வீட்டுக்குப் போனோம். தலைக்கு 500. வண்டியை விட்டு இறங்கறதுக்குள்ள நம்மாளு ஒருத்தர், "எங்க ஊர்ல இதை மாட்டுக்குப் போடுவோம், இதுக்கு 500-ஆ?"ன்னார். பேரம் 400-ல முடிஞ்சது. பேசி முடிச்ச வாய் யாரோடதுங்கறீங்க? அடியேனோடதுதான். மராத்தி தெரிஞ்ச பேங்க் ஆபீசராச்சே!

இதே கோஷ்டி அதுக்கு முந்தின மே மாசம் ஹைவே ஓரத்துல ஒரு 'கிராமிய' ரிசார்ட்டுக்குத் தலைக்கு 1,800 குடுத்தது. ஒருத்தரும் வாயைத் திறக்கலை. சிமெண்ட் மாடு, ரெயின் டான்ஸ், டிஜே. வாசல்ல தலைப்பாகை கட்டிக் கும்பிடு போட்ட பெரியவர்கிட்ட பேச்சுக் குடுத்தேன். அந்த நிலமே ஒரு காலத்துல அவரோடதாம்.

பி.காம் படிச்சவன், கணக்காவே சொல்றேன். கதிர் ஹுர்டா பதத்துல நிக்கறது சில நாள்தான். விட்டா மணி இறுகிடும், அப்புறம் மண்டி விலைதான். அதனால நாள் தள்ளித் தள்ளி பாத்தி பாத்தியா விதைக்கணும், குருவி விரட்டணும். வருஷத்துல மிஞ்சிப்போனா பத்துப் பன்னிரண்டு ஞாயிறு வியாபாரம். சனிக்கிழமை ராத்திரி "சாரி, குழந்தைக்கு ஜுரம்"னு நாம ஒரு போன் போட்டா நஷ்டம் யாருக்கு? கடன் தவணையை யார் கட்டறது?

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டுன்னு சொன்னதும், மால்ல சோள பிஸ்கட்டை விலை பார்க்காம வாங்கினவங்க நாம. விளைவிச்சவர் தன் கையால குடுத்தா மட்டும் கசக்குதா? மகாராஷ்டிர அரசு 2020-ல விவசாயச் சுற்றுலாவுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. கொள்கை பேப்பர்ல இருக்கும் சாமி, காசு நம்ம பர்ஸ்லேருந்துதான் போகணும்.

அன்னிக்குக் கிளம்பறப்போ அந்த வீட்டம்மா குழந்தைங்களுக்கு ஆளுக்கு ரெண்டு கைப்பிடி ஹுர்டா மடிச்சுக் குடுத்தாங்க. காசு கேக்கலை. 1,100 ரூபாய் மிச்சம் பிடிச்ச என் வாய் அப்போ திறக்கவே இல்லை.

அடுத்த தடவை அந்த 1,100-ஐ குடுத்துட்டுத்தான் குழிகிட்ட உக்காரப் போறேன். நீங்களும் விவசாயி வீட்டுக்கே போங்க. முன்பணம் கட்டுங்க, சொன்ன நாள்ல போங்க. பேரம் பேச நாக்கு துடிச்சா, ரிசார்ட் வாசல்ல பேசிப் பாருங்களேன்!