மே மாசம் ஊருக்குப் போய் பல்லைப் பாத்துக்கலாமா?

வெளிமாநிலத்தில் இருக்கிற நம்ம ஆட்கள் ஒத்திப்போடும் விஷயங்களில் முதலிடம் பல்லுக்குத்தான். "மே மாசம் போறோம்ல, நம்ம டாக்டர்கிட்டயே காட்டிக்கலாம்." அதுவரை கிராம்பு, வலி மாத்திரை, மெடிக்கல் ஷாப்காரரே எடுத்துக் கொடுக்கிற நாலு ஆன்டிபயாடிக். (குத்துதா, குடையுதா, விண்விண்ணுனு தெறிக்குதான்னு ஹிந்தியில் சொல்லத் தெரியாததும் ஒரு காரணம்!)

வலி நின்னுடும். அதுதான் சிக்கலே. பல்லுக்குள்ளே நரம்பு செத்தாலும் வலி நிற்கும், வேரடியில் தொற்று அப்படியே இருக்கும். கீழ்வரிசையில் கடைசி ரெண்டு கடைவாய்ப் பல்லின் வேர், தாடைக்கு அடியில் இருக்கிற இடைவெளிக்கு ரொம்பப் பக்கம். அங்கே இறங்கி, நாக்குக்கு அடியில் ரெண்டு பக்கமும் பரவினால் அதுக்குப் பேர் லுட்விக்ஸ் ஆஞ்சைனா. 1836-லேயே லுட்விக்னு ஒரு ஜெர்மன் மருத்துவர் விவரிச்சது. நெஞ்சுவலி ஆஞ்சைனாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. தாடைக்கடி பலகை மாதிரி இறுகும், நாக்கு மேலே தூக்கும், மூச்சு வழி அடைக்கும். சில மணி நேரத்தில் நிலைமை மாறிடும். சர்க்கரை இருந்தா ஆபத்து இன்னும் கூட.

தாடைக்கடியில் வீக்கம், காய்ச்சல், ரெண்டு விரல் அளவுகூட வாய் திறக்கலை, எச்சில் முழுங்க முடியாம வழியுது... இப்படி இருந்தா தெருமுனை பல் கிளினிக்கில் காத்திருக்காதீங்க. ஐசியூவும் மயக்க டாக்டரும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, முக-தாடை சர்ஜன் இருந்தா ரொம்ப நல்லது. முதல் வேலை மூச்சுக்கு வழி, தேவைப்பட்டா கழுத்தில் துளை போட்டாவது. கூடவே ஊசி வழியா ஆன்டிபயாடிக். அப்புறம் கீறி வடிக்கணும், காரணமான பல்லை எடுக்கணும். சீழ் கட்டின இடத்துக்குள் மருந்து சரியாப் போய்ச் சேராது, மாத்திரையை மட்டும் நம்பி உட்கார முடியாது.

எனக்குக் கோபம் வருவது இன்ஷூரன்ஸ் மேல. (பேங்கில் பாலிசி விக்கிறவனே சொல்றேன்.) பெரும்பாலான பாலிசிகளில், விபத்தில் அடிபட்டால் ஒழிய, சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பைசா கிடையாது. சில ஆயிரத்தில் முடியற ரூட் கெனாலுக்கு நம்ம கைக்காசு. அதே பல் முத்தி ஐசியூ வரைக்கும் போனா பெரிய தொகைக்கு க்ளெய்ம் போட வழியிருக்கு. இதென்ன கணக்கோ! வருஷா வருஷம் ஊர் டிக்கெட்டுக்கு ஒதுக்கறாப்ல பல்லுக்கும் ஒரு தொகை ஒதுக்கி, இருக்கிற ஊரிலேயே காட்டிடுங்க.

ஹிந்திப் பிரதேசத்தில் இருக்கிறவங்க, எமர்ஜென்சியில் சொல்ல இதை மனப்பாடம் பண்ணி வச்சுக்கோங்க: "ஜப்டே கே நீச்சே ஸூஜன் ஹை, ஸாஸ் லேனே மே திக்கத் ஹை." தாடைக்குக் கீழே வீக்கம், மூச்சு விடக் கஷ்டம்.