ஒன்பது வயதுத் தட்டு



பாடசாலை விடுமுறை நெருங்கினால் "உம்மா, இந்த முறை எங்க போறம்?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். முன்பெல்லாம் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனால் போதும். இப்போது பிள்ளைகள் கேட்பது ராட்டினமும் நீர்ச்சறுக்கலும் உள்ள பெரிய பூங்காக்களை. அங்கே நுழைவுச் சீட்டோடு பகல் சாப்பாட்டையும் சேர்த்தே விற்கிறார்கள். பெரியவருக்கு ஒரு விலை, சிறுவருக்கு ஒரு விலை. பெரியவருக்கு ஒரு தட்டு, சிறுவருக்கு வேறொரு தட்டு. இந்தச் சிறுவர் தட்டைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதப் போகிறேன். சாப்பாட்டு விஷயம்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அது என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை.

நான் ஓட்டமாவடியில் குடியிருந்து கதிரவெளிக்குப் போய்ப் படிப்பிக்கிறவள் என்பது இந்தப் பக்கத்தை வழமையாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். வாகரையைத் தாண்டி, வெருகலாற்றுக்கு இப்பால், கடலோரமாகக் கிடக்கும் ஊர் அது. மீன்பிடியும் வயலும் சேனையும்தான் தொழில். சென்ற ஆண்டு எங்கள் தரம் 4, தரம் 5 பிள்ளைகளைக் கொழும்புப் பக்கத்துப் பூங்கா ஒன்றுக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப் போனோம். அந்தப் பிள்ளைகளில் பலர் மட்டக்களப்பு நகரத்துக்கு அப்பால் எதையும் பார்த்ததில்லை.

மொத்தம் நாற்பது பிள்ளைகள். முப்பத்தேழு பேர் பணம் கட்டினார்கள். மூன்று பேரின் பெயரைப் பெற்றோரே வந்து வெட்டச் சொன்னார்கள். காரணம் கேட்கத் தேவையில்லை. அந்த மாதம் கடல் சரியில்லை.

பூங்காக்காரர்களின் விதி இது: மூன்று வயதில் இருந்து ஒன்பது வரை சிறுவர், பத்துப் பிறந்துவிட்டால் பெரியவர். சாப்பாட்டோடு சேர்த்துச் சிறுவருக்கு 2,400 ரூபா, பெரியவருக்கு 3,300 ரூபா. தரம் 4க்கும் 5க்கும் நடுவில்தான் பத்து வயது வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பணம் கட்டிய முப்பத்தேழு பேரில் பதினேழு பேருக்குப் பத்து முடிந்திருந்தது. கத்தி நேராக வகுப்பின் நடுவில் இறங்கியதுபோல!

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பினார். கடற்றொழிலாளி, நல்ல மனிதர், பாடசாலைக்கு வேலி அடிக்கக் கூப்பிட்டால் முதல் ஆளாக வருபவர்.

"டீச்சர், எல்லாப் புள்ளைக்கும் ஒம்பதெண்டே போடுங்க. மிஞ்சுற காசில அந்த மூண்டு புள்ளையையும் ஏத்திக்கொண்டு போகலாம். நம்மட புள்ளைகளப் பாத்தா பத்தெண்டு ஆரு நம்பப் போறா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது உண்மை. எங்கள் பிள்ளைகள் வயதுக்குச் சிறுத்தவர்கள். பதினேழு பேருக்குத் தலைக்கு 900 ரூபாவாக 15,300 ரூபா மிஞ்சும். மூவருக்கும் அது தாராளமாகக் காணும்.

உடனே "கூடாது" என்று நான் சொல்லிவிட்டதாக எழுத ஆசைதான். ஆனால் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றன்" என்று பட்டியலைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். யாருக்காகப் பொய்? வர முடியாத ஏழைப் பிள்ளைகளுக்காக. யாரிடம் பொய்? நம் பெயரே தெரியாத ஒரு கம்பனியிடம். பனிச்சங்கேணிப் பாலம் தாண்டும்வரை மனம் இப்படித்தான் நியாயம் பேசியது.

இரவு வீட்டுக்காரரிடம் சொன்னேன். கடைக் கணக்கை மூடிவைத்துவிட்டு, "பட்டியல்ல எழுதுறது நீ. வாசல்ல 'உனக்கு எத்தனை வயசு' எண்டு கேட்டா ஆரு பதில் சொல்றது?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை. நான் ஒருத்தி பொய் எழுதினால் போதாது. பதினேழு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "கேட்டா ஒம்பதெண்டு சொல்லுங்க மக்காள்" என்று படிப்பிக்க வேண்டும். ஆத்திசூடி படிப்பித்த அதே வாயால்!

மறுநாள் பூங்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வயது விதியில் சலுகை கிடையாது என்றார்கள். ஆனால் பாடசாலைக் குழுவோடு வரும் ஆசிரியர் ஒருவருக்குச் சீட்டு இலவசம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள். என் சீட்டுக்கென்று ஒதுக்கிய 3,300 ரூபாவில் மூவரில் ஒருவனை ஏற்றினோம். அவனுக்கும் பத்து வயது முடிந்திருந்தது. கணக்குச் சரியாக இருந்தது. மற்ற இருவரும் வரவில்லை. அவர்களை ஏற்றப் பணம் பிரட்ட வேறு வழி இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வாசலில் யாரும் வயது கேட்கவில்லை. சீட்டுக் கொடுத்த பிள்ளை எங்கள் வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லோரும் சிறுவர்தானே என்று சிங்களத்தில் கேட்டாள். பொய்யைக்கூட அவளே நமக்காகச் சொல்லிக் கொடுத்தாள். "இல்லை, பதினெட்டுப் பேருக்குப் பத்து முடிந்தது" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். என் பக்கத்தில் நின்றவன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தினான். பெரியவர் சீட்டு அல்லவா!

பகல் சாப்பாட்டுக்குப் போனோம். பெரியவர் தட்டில் ப்றைட் றைஸ், பொரித்த கோழி, மிளகாய்ப் பேஸ்ட். சிறுவருக்கு இரண்டில் ஒன்றை எடுக்கலாம்: பர்கரும் சிப்ஸும், அல்லது சொசேஜும் சிப்ஸும். இரண்டோடும் சிவப்பு ஜெலியும் நிறம்போட்ட குளிர்பானமும். ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சோறு வேண்டும் என்றால் அந்தச் சீட்டில் இடமில்லை. பிள்ளைகள் விளம்பரத்தில் மட்டுமே பார்த்த பர்கருக்கு ஒரே குரலில் கை தூக்கினார்கள்.

"பர்கரில் என்ன இறைச்சி?" என்று கேட்டேன். பலகையில் எழுதியிருக்கவில்லை. உள்ளே போய்க் கேட்டு வந்து மாட்டிறைச்சி என்றார்கள். நானும் நீங்களும் கேட்பது ஹலாலா என்று. ஆனால் என்னோடு வந்தவை மாட்டிறைச்சி தொடாத வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய தாய்மார் என்னை நம்பித்தான் அனுப்பினார்கள். கேட்காமல் விட்டிருந்தால் பிள்ளைகள் தெரியாமல் தின்றிருப்பார்கள். அந்தத் தாய்மாருக்கு நான் என்ன பதில் சொல்வது? சொசேஜ் கோழி என்றார்கள். பக்கெட்டைக் கொண்டுவந்து காட்டச் சொன்னேன், காட்டினார்கள். இப்படிக் கேட்பது வெட்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். காசு கொடுத்த பிறகு என்ன வெட்கம்?

ஆக, இருபது பேருக்கு சொசேஜ் வந்தது. சிப்ஸ் முதலில் முடிந்தது. ஜெலி பாதியில் நின்றது. சொசேஜை இரண்டு கடி கடித்து வைத்துவிட்டு, எதிர்மேசைக் கோழியையும் சோற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். காலையில் பஸ்ஸிலேயே பிட்டைத் தின்று முடித்த வயிறு அல்லவா? எதிர்மேசைக்காரரோ பெரிய ஆணுக்கு அளந்து வைத்த சோற்றில் பாதியைத் தாண்ட முடியாமல் முழித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தட்டுகள் மேசைக்கு மேசை நகரத் தொடங்கின. பரிமாறிய தம்பி பார்த்தும் பாராதது போலப் போனான். அல்லாஹ் அவனுக்கு நல்லருள் செய்யட்டும்.

வீடு திரும்பியபின் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். இந்த ஒன்பது வயதுக் கோடு நம் நாட்டுப் பூங்காக்காரரின் மூளையில் பிறந்தது அல்ல போலும். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் பூங்காவின் சாப்பாட்டுத் திட்டத்திலும் இதே கோடுதான். மூன்றில் இருந்து ஒன்பது வயது வரை சிறுவர். சிறுவர் பட்டியல் இருக்கும் உணவகத்தில் அதில் இருந்துதான் எடுக்க வேண்டும். பத்து வயதுக்குப் பெரியவர் விலை. மூன்றுக்குக் கீழே திட்டமே தேவையில்லை, தாய் தகப்பன் தட்டில் இருந்து ஊட்டலாம். 2020இல் நோய்ப் பரவலோடு நிறுத்திய இத்திட்டத்தை 2024 ஜனவரியில் மீண்டும் தொடங்கினார்கள். அங்கேயும் நன்றாகச் சாப்பிடும் ஒன்பது வயதுக்காரனின் தாய்க்கும், கொறிக்கும் பத்து வயதுக்காரியின் தாய்க்கும் ஒரே தலைவலிதான்.

ஆனால் அங்கே 2006இல் ஒரு நல்ல வேலை செய்தார்கள். சிறுவர் தட்டில் சிப்ஸும் சோடாவும் தானாக வருவதை நிறுத்தினார்கள். பழம் அல்லது மரக்கறி, பால் அல்லது தண்ணீர் அல்லது பழச்சாறு தானாக வரும். சிப்ஸ் வேண்டும் என்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டும், கேட்டால் கொடுப்பார்கள். தடை ஒன்றும் இல்லை. பிறகு ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பூங்காவின் விற்பனைக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பக்க உணவில் ஏறத்தாழப் பாதிப் பேரும், பானத்தில் மூன்றில் இரண்டு பங்கினரும் வந்ததையே ஏற்றுக்கொண்டு போயிருந்தார்கள். விடுமுறைக் கொண்டாட்டத்துக்கு வந்த இடத்தில், அதுவும் அமெரிக்கப் பிள்ளைகள்!

இதை வாசித்தபோது எனக்குக் கை தூக்கிய இருபது பேரும் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் பர்கரைத் தெரிவு செய்தார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். தெரிவு செய்தவர் பட்டியல் எழுதியவர். அவர் எழுதிய இரண்டுக்குள் பிள்ளை கை தூக்கியது, அவ்வளவே. உருளைக்கிழங்கும் எண்ணெயும் மலிவு, சமைப்பது சுலபம், பிள்ளை அடம் பிடிக்காது. அந்தப் பட்டியல் யாருடைய வசதிக்கு எழுதப்பட்டது என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பாடசாலையிலும் ஒரு சாப்பாட்டுத் திட்டம் இருக்கிறது. 2024இல் இருந்து அரசாங்கப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும், நாடு முழுவதும் 16 இலட்சம் அளவில், சாப்பாடு என்று ஏற்பாடானது. அங்கே தெரிவு என்ற பேச்சே இல்லை. சோறு, பருப்பு, கீரை, ஒரு நாள் முட்டை, ஒரு நாள் பயறு. ஊர்த் தாய்மாரே சமைத்துக் கொண்டு வருகிறார்கள். கீரையை ஒதுக்குகிறவன் உண்டு, முட்டையைத் தங்கச்சிக்கு என்று காகிதத்தில் சுற்றுகிறவள் உண்டு. ஆனால் சிப்ஸ் கேட்டு அழுத பிள்ளையை அந்த மேசையில் நான் கண்டதில்லை. அங்கே அது இல்லையே!

அப்படியென்றால் தெரிவே வேண்டாமா? முருங்கையிலைச் சுண்டல் கொண்டுவரும் ஒரு தாயிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்ன பதில் என் வாயை அடைத்தது. 2006 நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலையில் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் அதிகமானோர் மாண்டார்கள். தப்பியவர்கள் அகதி முகாம்களுக்குப் போனார்கள். அந்தத் தாய்க்கு அப்போது பன்னிரண்டு வயது. முகாமில் அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. மாதக்கணக்கில் அதுவேதான்.

"என்ன வேணும் எண்டு எங்களிட்ட ஆரும் கேக்கல்ல டீச்சர். என்ர புள்ளைட்ட ஒருத்தர் கேட்டாரே, அது போதும். அவள் அதத் திண்டாளோ இல்லையோ."

ஆகவே, பிள்ளையிடம் கேட்காதீர்கள் என்று நான் எழுத மாட்டேன். கேளுங்கள். ஆனால் அதற்கு முதல் கடைக்காரரிடம் நீங்கள் கேளுங்கள். சிறுவர் விலைக்குப் பெரியவர் சோற்றில் பாதி தருவீர்களா? சிப்ஸுக்குப் பதிலாக வாழைப்பழமோ பப்பாளித் துண்டோ கிடைக்குமா? குளிர்பானத்துக்குப் பதிலாகத் தண்ணீர்ப் போத்தல்? இறைச்சி என்ன, ஹலாலா? ஜெலி எதில் செய்தது? பாசிக்குடாப் பக்கம் ஹோட்டலில் தங்கப் போகிறவர்கள் அறை பதியும்போதே பிள்ளையின் சரியான வயதைச் சொல்லி இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பந்தியில் பிள்ளையின் தட்டுக்கு முதலில் சோறும் மீனும் வைத்துவிட்டு, அதன்பின் அதை எழும்பிப் போகவிடுங்கள். என் சொந்தப் பேரப்பிள்ளையிடம் இது பாதி நாள்தான் பலிக்கிறது.

இந்த ஆண்டுச் சுற்றுலா திருகோணமலைக்கு, இன்ஷா அல்லாஹ். கட்டணம் பாதிதான். சென்ற முறை தங்கிப்போன இருவரின் பெயரும் பட்டியலில் முதலாவதும் இரண்டாவதுமாக இருக்கின்றன. அவர்களுக்கான பணத்தை ஆசிரியர்கள் நாங்கள் சேர்த்துவிட்டோம். விண்ணப்பத்தில் புதிதாக மூன்று கோடுகள் அடித்திருக்கிறேன்: பிறந்த திகதி, வீட்டில் சாப்பிடாதவை, பிள்ளை விரும்பும் பகல் சாப்பாடு. நேற்றுத் திரும்பி வந்த படிவம் ஒன்றில் மூன்றாவது கோட்டில் பிள்ளையின் கையெழுத்தில் 'சிப்ஸ்' என்று இருந்தது. அதை வெட்டித் தாயின் கையெழுத்தில் 'சோறும் மீனும்'. அதற்கும் கீழே, கோட்டுக்கு வெளியே, மீண்டும் பிள்ளையின் எழுத்தில், 'கொஞ்சம் சிப்ஸ்'.